கடல் ஓதத்துக்கு நிலவுதான் காரணமா? பூமியின் சுழற்சி, மையவிலக்கு விசை, நீர்ச்சுழல் என்றெல்லாம் சொல்கிறார்களே, எது சரி?

கேட்கப்பட்டது இதுதான். கடல் தினமும் ஏறி வற்றுவதைத்தான் ஓதம் என்கிறோம். பள்ளிப் புத்தகம் நிலவின் ஈர்ப்பு என்கிறது. ஒரு காணொளி மையவிலக்கு விசை என்கிறது. இன்னொன்று, பூமி சுழலும்போது கடலின் பெரிய நீர்ச்சுழல்கள் பம்பரம் போலத் தள்ளாடுவதுதான் ஓதம் என்கிறது. கலிலியோவே நிலவை ஒப்புக்கொள்ளவில்லையாம். நிலவு கடலையே தூக்கும் என்றால் ஏரியும் நீச்சல் குளமும் ஏன் சும்மா கிடக்கின்றன? இதில் எதை நம்புவது?

தண்ணீரைத் தள்ளிவிடுவது நிலவும் சூரியனும். தள்ளப்பட்ட தண்ணீர் எங்கே, எப்போது, எவ்வளவு ஏறும் என்பதை முடிவு செய்வது கடலின் ஆழம், கரையின் வடிவம், பூமியின் சுழற்சி. இவை இரண்டும் வேறு வேறு கேள்விகள். ஊஞ்சலைத் தள்ளுவது யார் என்பது ஒன்று, ஊஞ்சல் எவ்வளவு உயரம் போகும் என்பது இன்னொன்று. ஓதத்தைப் பற்றிய சண்டைகளில் பாதி, ஒரு கேள்விக்குச் சொன்ன பதிலை மற்றதற்கான பதிலாக எடுத்துக்கொள்வதால் வருகிறது. மீதிப் பாதி நிஜமாகவே தவறான விளக்கங்கள். இரண்டையும் பிரித்துப் பார்க்கலாம்.

முதலில், எந்த விளக்கமாக இருந்தாலும் அது பதில் சொல்லியே ஆகவேண்டிய சில விஷயங்கள். பெரும்பாலான கடற்கரைகளில் ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே 12 மணி 25 நிமிடம் ஆகிறது. அதாவது இன்று காலை 6 மணிக்குக் கடல் ஏறியிருந்தால், நாளை அதே ஏற்றம் ஏறக்குறைய 6.50-க்கு. நிலவு உச்சிக்கு வரும் நேரமும் நாளுக்கு நாள் சராசரியாக அதே 50 நிமிடம்தான் தள்ளிப்போகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும். அரை நிலவை ஒட்டிச் சிறிதாக இருக்கும். நிலவு பூமிக்கு அருகில் வரும் நாட்களில் இன்னும் கொஞ்சம் பெரிதாகும். இதையெல்லாம் கடலோடிகள் எந்தக் கோட்பாடும் இல்லாமலே அறிந்திருந்தார்கள். கிரேக்கப் பயணி பைத்தியஸ் கி.மு. 4-ஆம் நூற்றாண்டிலேயே ஓதத்தை நிலவோடு சேர்த்துப் பேசியிருக்கிறார். 725-இல் இங்கிலாந்துத் துறவி பீட், நிலவுக்கும் ஏற்றத்துக்கும் இடையிலான தாமதம் துறைமுகத்துக்குத் துறைமுகம் மாறும் என்று எழுதிவைத்தார். அந்தத் தாமதம் பின்னால் பெரிய தலைவலியாக மாறும். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, நிலவுக்குத் தொடர்பு உண்டா என்பதில் பழங்காலத்திலேயே பெரிய சந்தேகம் இல்லை. எப்படி என்பதில்தான் குழப்பம். பாபிலோனியாவின் செலூக்கஸ், நிலவு நடுவில் உள்ள காற்றைக் கலக்கி அதன் வழியே கடலை அசைக்கிறது என்றார். 9-ஆம் நூற்றாண்டில் அரபு அறிஞர் அல்-கிந்தி, வெப்பத்தால் கடல்நீர் விரிவதாக நினைத்தார். பூமி ஓர் உயிரினம், அதன் மூச்சே ஓதம் என்ற எண்ணமும் நெடுநாள் உலவியது. இவற்றில் வெப்ப விளக்கத்துக்கு மட்டும் ஒரு சின்ன நியாயம் உண்டு. சூரிய வெப்பம் காற்றழுத்தத்தை மாற்றி, கடல் மட்டத்தில் மிகச் சிறிய பங்கை நிஜமாகவே சேர்க்கிறது. மற்றதை விட்டுவிடலாம்.

கலிலியோவை அப்படி விட்டுவிட முடியாது. அவர் தவறிய விதம் சுவாரசியமானது, அந்தத் தவறுக்குள் ஒரு நல்ல சரக்கும் இருக்கிறது.

பூமி நகர்கிறது என்பதற்கு அவருக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது. ஓதம்தான் அந்தச் சாட்சி என்று முடிவு செய்தார். 1616-இல் கர்தினால் ஓர்சினிக்கு எழுதிய கட்டுரையில் இதை விளக்கினார். 1632-இல் வந்த அவருடைய நூல் நான்கு நாள் உரையாடலாக அமைந்தது. அதில் நான்காம் நாள் முழுக்க இதுதான். அவர் காட்டிய உதாரணம் வெனிஸ் நகருக்கு நன்னீர் ஏற்றிவரும் படகு. படகு வேகம் குறைந்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் முன்பக்கம் ஏறும், வேகம் கூடினால் பின்பக்கம் ஏறும். பூமியும் அப்படித்தானே என்றார் அவர். சூரியனைச் சுற்றும் வேகமும் தன்னைத்தானே சுற்றும் வேகமும் நள்ளிரவுப் பக்கத்தில் ஒரே திசையில் சேர்கின்றன, நண்பகல் பக்கத்தில் எதிரெதிராகிக் கழிகின்றன. ஆகவே ஒவ்வொரு கடலும் தினம் ஒருமுறை வேகமாகவும் ஒருமுறை மெதுவாகவும் ஓடுகிறது, தண்ணீர் தளும்புகிறது.

கேட்கும்போது சரியாகவே படும். ஆனால் இதன்படி ஒரு நாளைக்கு ஒரே ஏற்றம்தான் வரவேண்டும், அதுவும் தினம் ஒரே நேரத்தில். அந்த 50 நிமிடத் தள்ளல் எங்கிருந்து வரும்? அமாவாசையும் அரை நிலவும் ஏன் வித்தியாசப்பட வேண்டும்? இரண்டு ஏற்றம் வருவதற்குக் கடற்படுகையின் நீளமும் ஆழமும் காரணம் என்று அவர் சமாளித்தார். நிலவைக் காரணம் சொன்ன வானியலாளர் கெப்ளரை, இவ்வளவு கூர்மையானவர் இப்படி மர்ம சக்திகளை நம்புகிறாரே என்று கடிந்தும் கொண்டார். இதில் வேடிக்கை, அதே நூலின் இரண்டாம் நாளில், சீராக ஓடும் கப்பலின் அறைக்குள் இருப்பவருக்குக் கப்பல் ஓடுவதே தெரியாது என்று அவரே அழகாக நிறுவியிருக்கிறார். அந்த வாதத்தை நான்காம் நாளுக்கும் நீட்டியிருந்தால் அவருடைய ஓத விளக்கம் அங்கேயே கவிழ்ந்திருக்கும்.

சரி, நல்ல சரக்கு என்றேனே, அது என்ன? கடற்படுகை ஒவ்வொன்றுக்கும் தனக்கென ஒரு தளும்பும் நேரம் உண்டு, அது நீளத்தையும் ஆழத்தையும் பொறுத்தது என்று அவர் சொன்னது சரி. தள்ளுவது யார் என்ற கேள்வியில் அவர் தோற்றார். தண்ணீர் என்ன செய்யும் என்ற கேள்வியில், தன்னை எதிர்த்த பலரைவிட முன்னால் இருந்தார்.

அடுத்து பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் தெகார்த். 1644-இல் அவர் சொன்னது: வெளி முழுக்க ஒரு நுண்பொருள் சுழன்றுகொண்டிருக்கிறது. நிலவு தலைக்கு மேலே வரும்போது அந்த நுண்பொருள் போகும் வழி குறுகி, கடலைக் கீழே அழுத்துகிறது. எனவே நிலவுக்கு நேர் கீழே வற்றம், பக்கவாட்டில் ஏற்றம். அப்படி ஒரு நுண்பொருளே இல்லை என்பது இன்று தெரியும். ஆனாலும் இந்தக் கொள்கை லேசில் சாகவில்லை. 1687-இல் நியூட்டன் ஈர்ப்பு விசையால் ஓதத்தை விளக்கி அரை நூற்றாண்டுக்குப் பிறகும், 1740-இல் பாரிஸ் அறிவியல் கழகம் ஓதத்தைப் பற்றி நடத்திய பரிசுப் போட்டியில் நால்வருக்குப் பரிசைப் பகிர்ந்து கொடுத்தது. டேனியல் பெர்னூலி, ஆய்லர், மெக்லாரின் மூவரும் ஈர்ப்பின் கணக்கைக் கையாண்டவர்கள். நான்காமவரான கவல்லேரி என்ற சேசுசபைத் துறவி, தெகார்த்தின் சுழல்களை வைத்து எழுதியவர். இரண்டு கட்சிக்கும் ஒரே மேடையில் பரிசு. அது அநேகமாகக் கடைசி முறை.

இனி நியூட்டனின் கருத்து. இதைப் பள்ளிப் புத்தகங்கள் ஒரே வரியில் சொல்லிவிடுவதுதான் எல்லாத் தொல்லைக்கும் வேர். "நிலவு கடலை ஈர்க்கிறது, அதனால் கடல் பொங்குகிறது" என்றால் உடனே இரண்டு இடறல்கள் வரும். ஒன்று, சூரியன் பூமியை நிலவைவிட ஏறக்குறைய 180 மடங்கு பலமாக ஈர்க்கிறதே, ஓதத்தில் அது ஏன் பின்தங்கியிருக்கிறது? இரண்டு, நிலவுக்கு எதிர்ப்பக்கத்தில் ஏன் ஏற்றம் வருகிறது? ஈர்ப்பு அந்தப் பக்கத் தண்ணீரையும் நிலவை நோக்கித்தானே இழுக்கும்?

விடை: ஓதத்தை உண்டாக்குவது ஈர்ப்பு அல்ல, ஈர்ப்பின் வித்தியாசம். நிலவு பூமியின் மையத்திலிருந்து சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. நிலவை நோக்கிய பக்கம் பூமியின் ஆரமான 6,371 கிலோமீட்டர் அளவுக்குக் கிட்டே, எதிர்ப்பக்கம் அதே அளவுக்கு எட்டே. கணக்குப் போட்டால், கிட்டப் பக்கத்தில் ஈர்ப்பு மையத்தைவிட ஏறக்குறைய 3.4 விழுக்காடு அதிகம், எட்டப் பக்கத்தில் 3.2 விழுக்காடு குறைவு. பூமி முழுவதும் நிலவை நோக்கிச் சராசரி வேகத்தில் "விழுகிறது". கிட்டப் பக்கத் தண்ணீர் சராசரியைவிடக் கொஞ்சம் கூடுதலாக விழப் பார்க்கிறது, எட்டப் பக்கத் தண்ணீர் கொஞ்சம் குறைவாக விழுந்து பின்தங்குகிறது. மையத்திலிருந்து பார்ப்பவருக்கு இரண்டு பக்கமும் வெளியே விலகுவது போலத் தெரியும். அதனால்தான் ஒரு நாளில் இரண்டு ஏற்றம்.

சூரியனின் புதிரும் இதிலேயே அவிழ்கிறது. ஈர்ப்பு தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும், ஈர்ப்பின் வித்தியாசமோ தூரத்தின் கனத்துக்கு, அதாவது மும்மடிக்கு, ஏற்பக் குறையும். சூரியன் நிலவைவிட 2.7 கோடி மடங்கு நிறை கொண்டது, ஆனால் ஏறக்குறைய 390 மடங்கு தொலைவில் இருக்கிறது. 390 × 390 × 390 என்று பெருக்கினால் கிட்டத்தட்ட 6 கோடி. 2.7-ஐ 6-ஆல் வகுத்துப் பாருங்கள், பாதிக்குக் கொஞ்சம் குறைவாக வரும். துல்லியமாகச் சொன்னால் நிலவின் ஓத விசையில் சூரியனுக்கு 46 விழுக்காடு. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இரண்டும் ஒரே கோட்டில் சேர்ந்து தள்ளும், அரை நிலவில் ஒன்றின் வேலையை மற்றது கெடுக்கும்.

இப்போது மையவிலக்கு விசைக்கு வருவோம். அந்தக் காணொளி சொல்வது இதுவாகத்தான் இருக்கும்: பூமியும் நிலவும் கைகோத்துத் தட்டாமாலை சுற்றும் இரண்டு குழந்தைகள் போல ஒரு பொது நிறைமையத்தைச் சுற்றுகின்றன. கிட்டப் பக்க ஏற்றம் ஈர்ப்பால், எட்டப் பக்க ஏற்றம் சுற்றும்போது வெளியே வீசப்படுவதால். அச்சிட்ட பாடநூல்களிலும் இது இருக்கிறது, அதனால் நம்பியவரைக் குறை சொல்ல முடியாது.

பொது நிறைமையம் பூமிக்கு உள்ளேயே, மையத்திலிருந்து ஏறக்குறைய 4,670 கிலோமீட்டரில் இருக்கிறது. எட்டப் பக்கம் அந்தப் புள்ளியிலிருந்து 11,000 கிலோமீட்டர், கிட்டப் பக்கம் வெறும் 1,700. தட்டாமாலைப் படம் சரியென்றால் எட்டப் பக்கத்தில் வீச்சு ஆறு மடங்குக்கும் மேல் இருக்கவேண்டும், இரண்டு ஏற்றமும் ஏறக்குறைய சமமாக வரவே முடியாது. தவறு எங்கே என்றால், இந்த இயக்கத்தில் பூமி அந்தப் புள்ளியைச் சக்கரம் போலச் சுற்றுவதில்லை. மேசையைத் துணியால் துடைக்கும் கையை நினைத்துக்கொள்ளுங்கள். கை வட்டமிடுகிறது, ஆனால் திரும்புவதில்லை. விரல் நுனியும் மணிக்கட்டும் ஒரே அளவு வட்டத்தையே போடுகின்றன. பூமியின் ஒவ்வொரு துளியும் அப்படி ஒரே அளவு வட்டம் போடுவதால், மையவிலக்கு விசையும் எல்லா இடத்திலும் ஒரே அளவு, ஒரே திசை. அது செய்வதெல்லாம் நிலவின் சராசரி ஈர்ப்பைக் கழிப்பது மட்டுமே. மிச்சம் இருப்பது பழைய ஈர்ப்பு வித்தியாசம்தான். இந்த முறையில் கணக்குப் போடலாம், விடை சரியாகவே வரும். ஆனால் எட்டப் பக்க ஏற்றத்தைச் செய்வது மையவிலக்கு விசை என்று சொன்னால் கணக்கேட்டைக் காரணமாக்குவது போல.

சந்தேகம் இருந்தால் இப்படி யோசியுங்கள். பூமியும் நிலவும் ஒன்றையொன்று சுற்றவே இல்லை, நேர்கோட்டில் ஒன்றை நோக்கி ஒன்று விழுகின்றன. சுற்றல் இல்லாததால் மையவிலக்கும் இல்லை. அப்போதும் பூமியின் இரண்டு பக்கமும் நீளும். (பூமி தன்னைத்தானே சுற்றுவதால் வரும் மையவிலக்கு வேறு கதை. அது நடுக்கோட்டின் ஆரத்தைத் துருவத்தைவிட 21 கிலோமீட்டர் அதிகமாக்கியிருக்கிறது. ஆனால் அந்தப் புடைப்பு எப்போதும் அப்படியே இருக்கும், ஏறி இறங்காது.)

இனி ஏரிக் கேள்வி. எனக்குப் பிடித்தது இதுதான், ஏனென்றால் "நிலவு கடலைத் தூக்குகிறது" என்ற சொல்லே தவறு என்பதை இது காட்டிக்கொடுக்கிறது. நிலவுக்கு நேர் கீழே ஓத விசை பூமியின் ஈர்ப்பில் ஏறக்குறைய 90 லட்சத்தில் ஒரு பங்கு. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அது 7 மில்லிகிராம். இதை வைத்துக்கொண்டு எதையும் தூக்க முடியாது. வேலை செய்வது பக்கவாட்டு விசை. நிலவுக்கு நேர் கீழே இல்லாத இடங்களில் இந்த விசை சாய்வாக இருக்கும். அதன் கிடைமட்டப் பகுதியை எதிர்க்கப் பூமியின் ஈர்ப்பு குறுக்கே நிற்பதில்லை, எனவே தண்ணீர் வழுக்கிக்கொண்டு நகரும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டரிலிருந்து இம்மி இம்மியாக நகர்ந்து வரும் தண்ணீர் ஓரிடத்தில் சேரும்போதுதான் மட்டம் உயர்கிறது.

எவ்வளவு உயரும்? இந்தக் கிடைமட்ட விசை, அது உச்சமாக இருக்கும் இடத்தில், நீர்மட்டத்தை 1,000 கிலோமீட்டருக்கு 8 சென்டிமீட்டர் வீதம் சாய்க்கவல்லது. அவ்வளவே. 100 கிலோமீட்டர் நீளமுள்ள ஏரியில் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் 8 மில்லிமீட்டர். லேசான காற்றே இதை மறைத்துவிடும். 50 மீட்டர் நீச்சல் குளத்தில் ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்குகூட வராது. 560 கிலோமீட்டர் நீளமுள்ள சுபீரியர் ஏரிக்கு இந்தக் கணக்கில் 5 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வரும். அந்தப் பேரேரிகளில் அளக்கப்படும் ஓதமும் 5 சென்டிமீட்டருக்குக் கீழேதான். ஆக ஏரியை நிலவு விட்டுவைக்கவில்லை. ஏரிக்குத்தான் சாய்ந்து சேர நீளம் போதவில்லை.

இதுவரை முதல் கேள்வி. இதோடு நிறுத்தினால் புத்தகங்களில் வரும் அந்தப் பிரபலமான படம் கிடைக்கும்: கோழிமுட்டை மாதிரி இரண்டு பக்கமும் புடைத்த கடல், அதற்குள் பூமி சுழல்கிறது, நாம் நிற்கும் கரை தினம் இரண்டு முறை புடைப்பைக் கடக்கிறது. ரொம்ப அழகான படம். ஆனால் உலகத்தின் எந்தக் கடலும் அப்படி இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு ஒரே ஒரு கணக்குப் போதும். ஓதம் போன்ற மிக நீண்ட அலை கடலில் எவ்வளவு வேகமாகப் போகும் என்பதை ஆழம்தான் முடிவு செய்கிறது. 4,000 மீட்டர் ஆழத்தில் அது மணிக்கு ஏறக்குறைய 700 கிலோமீட்டர். ஆனால் நடுக்கோட்டில் நிலவுக்கு நேர் கீழான புள்ளி, பூமி சுழல்வதால், மணிக்கு 1,600 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. புடைப்பு நிலவுக்கு ஈடுகொடுத்து ஓடவேண்டுமானால் கடல் 20 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமாக இருக்கவேண்டும். மிக ஆழமான கடற்குழியே 11 கிலோமீட்டர்தான். போதாக்குறைக்கு நடுவில் கண்டங்கள் வேறு குறுக்கே நிற்கின்றன. நிலவின் பின்னால் ஓடுவதற்குத் தண்ணீருக்கு நேரமும் இல்லை, வழியும் இல்லை. கண்டமே இல்லாத, நம் ஆழமுள்ள ஒரு நடுக்கோட்டுக் கால்வாயைக் கற்பனை செய்து கணக்கிட்டால், நிலவுக்கு நேர் கீழே வற்றம் வருகிறது! தெகார்த் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார், காரணம் முற்றிலும் வேறு என்றாலும்.

இதைத் தெளிவாகப் பார்த்து எழுதியவர் பிரெஞ்சுக் கணித அறிஞர் லப்லாஸ். 1775-76-இல் அவர் அமைத்த சமன்பாடுகளில் ஓதம் என்பது நிற்கும் புடைப்பு அல்ல, வெளியிலிருந்து தாளம் தப்பாமல் தள்ளப்படும் அலை. பூமி சுழல்வதால் ஓடும் நீர் பக்கவாட்டில் விலகுவதையும் அவர் அப்போதே சேர்த்துவிட்டார். அந்த விளைவுக்குத் தன் பெயரைத் தந்த கொரியோலிஸ் எழுதியது 1835-இல்.

இப்படிப் பார்த்தால்தான் நிஜக் கடல் புரியும். கண்டங்களுக்கு நடுவே அடைபட்ட நீர், தட்டில் ஊற்றிய தண்ணீரைத் தட்டோடு சுழற்றினால் விளிம்பில் மேடு ஓடுவது போல, ஒரு புள்ளியைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. நடுப்புள்ளியில் அந்த ஓதம் அறவே இல்லை. 1836-இல் வட கடலில் இப்படி ஓர் இடம் இருக்கவேண்டும் என்று ஆங்கிலேய அறிஞர் ஹ்யூவெல் ஊகித்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் 9 நாடுகளின் கடற்கரைகளில் ஒரே சமயத்தில் ஓதத்தை அளக்கவைத்தவர் அவர். 1840-இல் கப்பல் தலைவர் ஹ்யூவெட் அங்கே போய் அளந்து, நீர்மட்டம் அசையாததைக் கண்டார். நியூசிலாந்தைச் சுற்றி ஓதம் வட்டமிட்டே ஓடுகிறது. ஒரு கரையில் ஏற்றம் என்றால் எதிர்க்கரையில் வற்றம். முட்டைப் படத்தை வைத்து இதை எப்படி விளக்குவது?

பசிபிக் கடலில் உள்ள தஹித்தி இன்னும் வேடிக்கை. நிலவின் ஓதம் ஏறக்குறைய இல்லாமல்போகும் அப்படி ஓர் இடத்துக்கு அருகில் அந்தத் தீவு இருக்கிறது. சூரியனுடைய பங்கு மட்டும் மிஞ்சுவதால் அங்கே தினமும் நண்பகலையும் நள்ளிரவையும் ஒட்டியே கடல் ஏறுகிறது, 50 நிமிடம் தள்ளிப்போவதில்லை. கலிலியோ அங்கே பிறந்திருந்தால் நிலவைப் பற்றிய வாக்குவாதமே எழுந்திருக்காது.

மறுகோடியில் கனடாவின் ஃபண்டி வளைகுடா. ஆழ்கடலில் நிலவு மட்டும் தன் போக்கில் வேலை செய்தால் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே அரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல்தான் வித்தியாசம் வரும், சூரியன் சேர்த்தால் இன்னொரு கால் மீட்டர். ஃபண்டியில் 16 மீட்டர் வரை போகிறது. நிலவு அந்த வளைகுடாவை மட்டும் தனியாகப் பிடித்து இழுக்கிறதா? இல்லை. அந்த வளைகுடாவும் அதை ஒட்டிய மெய்ன் வளைகுடாவும் சேர்ந்து ஒருமுறை தளும்பி அடங்க எடுக்கும் நேரம் ஏறக்குறைய 13 மணி. வெளியிலிருந்து வரும் தள்ளல் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒன்று. ஊஞ்சல் திரும்பும் சமயம் பார்த்துத் தள்ளினால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை.

பீட் எழுதிய துறைமுகத் தாமதமும், பௌர்ணமிக்கு ஓரிரு நாள் கழித்தே பல இடங்களில் பெரிய ஓதம் வருவதும் இந்த இரண்டாம் கேள்வியைச் சேர்ந்தவைதான். இரண்டையும் கலந்தால் நியூட்டனுக்கே அடி விழும். இங்கிலாந்தின் பிரிஸ்டல் அருகே பிறர் அளந்த ஓத உயரங்களை அவர் எடுத்துக்கொண்டார். பெரிய ஓதத்துக்கு 45 அடி, சிறியதற்கு 25 அடி. அதிலிருந்து நிலவின் ஓத விசை சூரியனுடையதைப் போல் ஏறக்குறைய நாலரை மடங்கு என்று கணக்கிட்டார். உண்மையில் அது 2.2 மடங்குதான். கரையும் கழிமுகமும் சேர்ந்து பெருக்கிக் காட்டியதை அவர் வானத்தின் கணக்கில் எழுதிவிட்டார். விளைவு, அவர் நூலில் நிலவின் நிறை பூமியில் 40-இல் ஒரு பங்கு. சரியான அளவு 81-இல் ஒரு பங்கு.

நீர்ச்சுழல் விளக்கம் மிச்சம் இருக்கிறது. கடலில் பெரும் சுழலோட்டங்கள் உண்டு, பூமியின் சுழற்சி நீரோட்டங்களை வளைக்கும், ஓதம் புள்ளிகளைச் சுற்றி ஓடும். இந்த மூன்றும் உண்மை என்பதால் கேட்டவுடன் நம்பத் தோன்றும். ஆனால் பூமியின் சுழற்சியிலிருந்து மட்டும் பிறக்கும் எதுவும் பூமியின் கடிகாரப்படிதான் நடக்கவேண்டும். ஓதத்தின் கடிகாரமோ 12 மணி 25 நிமிடம் 14 விநாடி என்று நிலவின் நாளில் சரியாகப் பாதி. நிலவு அருகில் வருவதும் விலகுவதும், அதன் பாதை 18.6 ஆண்டுக்கு ஒருமுறை ஊசலாடுவதும்கூட ஓதப் பதிவுகளில் தெரிகின்றன. பௌர்ணமி என்று ஒரு நீர்ச்சுழலுக்கு யார் போய்ச் சொல்வது?

அதைவிட நேரடியான சாட்சி, ஓதம் தண்ணீரில் மட்டும் இல்லை என்பது. நம் காலடியில் இருக்கும் பாறையும் நிலவுக்கேற்ப 30 சென்டிமீட்டர் அளவுக்கு ஏறி இறங்குகிறது. நாமும் கட்டடங்களும் சேர்ந்தே ஏறுவதால் தெரிவதில்லை. ஜெனீவாவில் 27 கிலோமீட்டர் சுற்றளவு கொண்ட துகள் முடுக்கி 1990-களில் இயங்கியபோது, நிலத்தின் ஓதத்தால் அந்த வளையம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீண்டு சுருங்கி, துகள்களின் ஆற்றல் மாறியது அளவீட்டில் பிடிபட்டது. பாறைக்குள் எந்த நீர்ச்சுழலும் இல்லை. மறுபக்கம், கடல் உராய்ந்து பூமியின் சுழற்சியை மெதுவாக்கும்போது இழப்பு நிலவின் கணக்கில் வரவாகிறது. 1969 முதல் நிலவில் வைக்கப்பட்ட கண்ணாடிகளுக்கு லேசர் ஒளியை அனுப்பி அளந்ததில், நிலவு ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிப்போவது தெரிகிறது. நிலவுக்கும் ஓதத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பவர்கள் இதற்கும் ஒரு காரணம் தேடவேண்டும்.

ஒரு சின்ன இடைச்செருகல்: சுனாமியை "ஓத அலை" என்று எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆங்கிலத்திலிருந்து வந்த குழப்பம் அது. நிலநடுக்கத்தால் எழும் அலைக்கும் ஓதத்துக்கும் தொடர்பில்லை. புயல் தள்ளிவரும் கடலேற்றமும் வேறுதான்.

கடைசியாக நீங்கள் கேட்காத, ஆனால் அடுத்துக் கேட்கப்போகும் கேள்வி. இவ்வளவு சிக்கல் என்றால் துறைமுகங்கள் ஓத அட்டவணையை எப்படி ஆண்டுக்கணக்கில் முன்கூட்டியே அச்சிடுகின்றன? அங்கேதான் இரண்டு கேள்விகளும் சுத்தமாகப் பிரிகின்றன. எந்தெந்தத் தாளத்தில் தள்ளல் வரும் என்பது வானியலிலிருந்து தெரியும். ஆங்கிலேய ஓத ஆய்வாளர் டூட்சன் 1921-இல் அப்படி 388 தாளங்களைப் பட்டியலிட்டார். ஒவ்வொரு தாளத்துக்கும் ஒரு குறிப்பிட்ட துறைமுகம் எவ்வளவு அசையும், எவ்வளவு தாமதமாக அசையும் என்பதை அங்கேயே சில காலம் அளந்து எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு கூட்டல்தான். 1872-இல் இயற்பியலாளர் கெல்வின் வடிவமைத்த இயந்திரம் இந்தக் கூட்டலைக் கப்பிகளாலும் ஒரு கம்பியாலும் செய்தது. ஒவ்வொரு கப்பியும் வானத்தின் ஒரு தாளத்தில் சுழலும், அது எவ்வளவு ஏறி இறங்கும் என்பது துறைமுகத்தின் அளவீடு.

இரண்டாம் உலகப்போரில் பிரான்சின் நார்மண்டி கடற்கரையில் நேச நாடுகள் நடத்திய படையிறக்கத்துக்கான ஓதக் கணிப்பையும் இங்கிலாந்தில் டூட்சன்தான் இத்தகைய இயந்திரங்களில் ஓட்டினார். ரகசியம் காக்க, எந்தக் கடற்கரை என்று அவருக்குச் சொல்லவில்லை. 'இசட்' என்று பெயரிட்ட ஓர் இடத்தின் சில எண்கள் மட்டும் கைக்கு வந்தன. அவற்றைக் கப்பிகளில் பொருத்தி, 1944 ஜூன் மாதத்தின் ஏற்றத்தையும் வற்றத்தையும் எடுத்துக்கொடுத்தார்.